திரை அணைந்தால் ஒலி நிற்பது ஏன்? — ஒரு விசாரணை

கைப்பேசியின் திரை அணைந்தவுடன் அதில் ஒலித்துக்கொண்டிருந்த பாட்டும் பேச்சும் கூடவே நின்றுவிடுவது ஏன் என்னும் கேள்விக்கு, ஸ்மார்ட்போன் மக்கள் கைக்கு வந்த நாள் முதலாக ஐந்தாறு விடைகள் சொல்லப்பட்டு வருகின்றன. பேட்டரியைக் காப்பதற்காக என்பது ஒன்று. செயலியை எழுதியவர் செய்யவேண்டியதைச் செய்யாமல் விட்டார் என்பது மற்றொன்று. பணம் வாங்குவதற்கான தந்திரம் என்பது இன்னொன்று. போன் தயாரித்த கம்பெனியின் அதிகப்பிரசங்கம் என்பாரும், மலைப்பிரதேசத்தில் ரேஞ்ச் நிலைப்பதில்லை, விஷயம் அவ்வளவே என்பாரும் உண்டு. இவற்றுள் எதுவும் முழுப்பொய் அன்று என்பதே ஆராய்ச்சிக்கு நேரும் சங்கடம். ஒவ்வொன்றும் தனக்குரிய எல்லைக்குள் மெய்யாக நின்று, எல்லை தாண்டியதும் பொய்யாகிவிடுகிறது.

இக்கேள்வியை வண்டிப்பெரியாரை மனத்தில் வைத்துக்கொண்டு ஆராய்வதற்குத் தக்க நியாயம் உண்டு. கோட்டயத்திலிருந்து குமுளிக்கு ஏறும் சாலையில், பெரியாற்றங்கரையில், பீருமேடு வட்டத்துத் தேயிலைத் தோட்டங்களின் நடுவே அமைந்த இவ்வூரைச் சுற்றி, தலைமுறைகளுக்கு முன் தமிழ் ஜில்லாக்களிலிருந்து மலையேறி வந்த தொழிலாளர் குடும்பங்கள் இன்றும் லயங்கள் எனப்படும் வரிசை வீடுகளில் வசித்து வருகின்றன. கொழுந்தெடுக்கும் வேலையில் கையும் கண்ணும் செடியின்மேல் இருந்தாக வேண்டும். வேலையில்லாமல் இருப்பது காது ஒன்றே. மேஜைமுன் அமர்ந்திருப்பவருக்குத் திரை அணைவது ஒரு சிறு தொல்லை. விரலால் ஒருமுறை தொட்டால் தீர்ந்துபோகும். சரிவில் நின்றுகொண்டு, மழையில் நனைந்த கையோடு, கூடை சுமந்தபடி வேலை செய்பவருக்கோ ஒலி நின்றது நின்றதுதான். கேட்பதைப் பார்ப்பதிலிருந்து பிரித்தால்தான் உபயோகம் என்ற நிலையில் உள்ளவர்களை வைத்துச் சோதிக்கும்போது, மேற்சொன்ன விடைகளின் பலமும் பலவீனமும் நன்கு வெளிப்படுகின்றன.

திரையில்லாத காலம்

ஒலியைக் கேட்பதற்கும் வெளிச்சத்துக்கும் எவ்விதச் சம்பந்தமும் இல்லாதிருந்த காலம் அப்படியொன்றும் தொலைவில் இல்லை. 1947 டிசம்பரில் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் பிறந்த டிரான்சிஸ்டர், 1954இல் ரீஜென்சி டி.ஆர்-1 என்ற சட்டைப்பை வானொலியாகக் கடைக்கு வந்து, பிற்பாடு நம் நாட்டு எஸ்டேட் லயங்கள்வரை புகுந்தபோது, அந்தச் சிறு பெட்டிக்குத் திரை என்ற அவயவமே இல்லை. திருச்சி நிலையத்தையோ இலங்கை வானொலியையோ பிடித்து ஆணியில் மாட்டிவிட்டால் செல் தீரும்வரை அது பாடிக்கொண்டிருக்கும். கேட்பவர் எதிரே இருக்கிறாரா, எழுந்து போய்விட்டாரா என்று அது விசாரித்ததில்லை.

பின்னர் திரையுள்ள சாதனங்கள் வந்தபோதும் நிலைமை உடனே மாறிவிடவில்லை. 2001இல் வெளிவந்த முதல் ஐபாடில் திரை இருந்தது. அது இருண்டதற்காகப் பாட்டு நின்றதில்லை. சக்தியை மிச்சப்படுத்தும் கவலை அதைச் செய்தவர்களுக்கும் இருந்தது. அதற்காக அவர்கள் கையாண்ட உபாயம், உள்ளே சுழலும் தட்டிலிருந்து பாட்டுக்களை மொத்தமாக 32 மெகாபைட் நினைவகத்தில் இறக்கிவைத்துக்கொண்டு, தட்டைத் தூங்கவிடுவது. அதாவது, தூங்கியது தட்டேயன்றிப் பாட்டு அன்று. பொத்தான் போன்களிலும் அப்படியே. ஊர் தோறும் மெமரி கார்டில் பாட்டு ஏற்றித் தரும் கடைகள் செழித்திருந்த அந்நாட்களில், பாட்டை ஓடவிட்டுப் போனைப் பையில் போட்டால் அது பைக்குள்ளிருந்தே பாடிற்று.

ஆகவே, திரையோடு ஒலி நிற்பது கையடக்க யந்திரத்தின் பிறவிக்குணம் அன்று. வெளியார் எழுதும் செயலிகளுக்கு இடம் கொடுத்த ஸ்மார்ட்போன் வந்த பிறகே இவ்வழக்கம் தோன்றிற்று என்பது எந்த விடையையும் நிறுப்பதற்குமுன் மனத்தில் கொள்ளவேண்டிய சரித்திரம்.

சக்திச் சிக்கனம் என்னும் விடை

விடைகளுள் மூத்ததும் மதிப்புப் பெற்றதும் பேட்டரி பற்றியது. 2008இல் முதல் ஆண்ட்ராய்டு போன் வெளிவந்தபோது, அதனை வகுத்தோர் ஒரு துணிவான சித்தாந்தத்தின்மேல் அதைக் கட்டியிருந்தார்கள். போன் எந்நேரமும் தூங்குவதற்கே முயல வேண்டும். விழித்திருக்க வேண்டும் என்று விரும்பும் செயலி அதை வெளிப்படையாகக் கேட்டு, வேக்லாக் எனப்படும் விழிப்புப் பூட்டு ஒன்றைப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்பது அது. மேஜைக் கணினியின் வழக்கம் இதற்கு நேர்மாறு. அங்கே விழிப்பு இயல்பு, தூக்கம் விசேஷம். இந்த மாற்றத்துக்கான ஏற்பாட்டை 2009இல் கூகிளைச் சேர்ந்த ஆர்வே ஹியோன்னேவோக், ஆண்ட்ராய்டுக்கு அடித்தளமான லினக்ஸின் மூலநிரலில் சேர்க்கும்படி அளித்தபோது, அவ்வுலகத்து முதியவர்கள் பலர் கடுமையாக ஆட்சேபித்தார்கள். ஓயாத தர்க்கத்துக்குப் பின், ரஃபேல் வைசோக்கி அமைத்த ஒத்த ஏற்பாடு 2012இல் லினக்ஸ் 3.5 பதிப்பில் இடம்பெற்றது. இதன்படி, திரை அணைந்து, விழிப்புப் பூட்டு எதுவும் பிடிக்கப்படாதிருந்தால் போனின் மூளையான செயலகம் தூங்குகிறது. ஒலித்தகவலை ஊட்டிக்கொண்டிருந்த நிரலும் தூங்குகிறது. ஏற்கெனவே ஊட்டப்பட்ட துளி தீர்ந்ததும் ஒலி அடங்குகிறது.

இவ்வாதத்துக்கு அளவை ஆதாரமும் உண்டு. சிட்னியில் ஆரன் கரோல், கெர்னாட் ஹைசர் இருவரும் ஓப்பன்மோக்கோ போன் ஒன்றைப் பகுதி பகுதியாக அளந்து 2010இல் வெளியிட்ட ஆய்வில், முழுத் தூக்கத்தில் அப்போன் சுமார் 69 மில்லிவாட்டும், திரைவெளிச்சம் இன்றி வெறுமனே விழித்திருக்கையில் சுமார் 269 மில்லிவாட்டும், அதே நிலையில் பாட்டு இசைக்கும்போது சுமார் 320 மில்லிவாட்டும் செலவழித்தது. இந்த மூன்று எண்களையும் அருகருகே வைத்துப் பார்ப்பவர், பேட்டரி வாதத்தின் மெய்யையும் அதன் ஓட்டையையும் ஒருங்கே காணலாம். தூக்கத்திலிருந்து விழிப்புக்கு வருவதற்கு 200 மில்லிவாட்; விழித்தபின் பாடுவதற்கு மேற்கொண்டு 50 மட்டும். செலவு விழிப்பில் இருக்கிறது, பாட்டில் இல்லை. அதே போனில் திரையின் பின்வெளிச்சத்தை முழுமையாக வைத்தால் அதற்கு மட்டும் 400 மில்லிவாட்டுக்கு மேல். எனவே, ஒலி நிற்காதிருப்பதற்காகத் திரையை எரியவிட்டுக்கொண்டிருப்பவர், திரையை அணைத்துக் கேட்கக்கூடியவரைப்போல் இருமடங்குக்கு மேல் பேட்டரியை இழக்கிறார். சிக்கனமே நோக்கமாயின், அணைந்த திரையோடு கேட்பதற்குப் போன் ஊக்கம் அளிக்கவேண்டுமே ஒழியத் தடை செய்யலாகாது.

அவை ஒரு பழைய போனின் எண்கள்தாம். ஆயினும் பிற்காலத்து முன்னேற்றம் வாதத்தை இன்னும் வலுவிழக்கச் செய்திருக்கிறது. 2013இல் வந்த ஆண்ட்ராய்டு 4.4, ஒலியைப் பிரித்தெடுக்கும் வேலையை ஒலிக்கென்றே அமைந்த தனிச் சில்லுக்கு ஒப்படைத்துவிட்டு, பெரிய செயலகத்தைத் தூங்கவிடும் முறைக்கு இடம் கொடுத்தது. ஐபாடில் தட்டு தூங்கியதன் மறுபிறவி என்றே இதைச் சொல்லலாம். இதற்குத் தக்க சில்லுள்ள போனில், பாட்டுக்காகப் போன் முழுவதும் விழித்திருக்க வேண்டும் என்ற பழைய நிர்ப்பந்தம் நீங்கிவிட்டது.

அப்படியானால் தடை ஏன் நீடித்தது? சிக்கனவாதிகள் இதற்குச் சொல்லும் மறுமொழியில் சாரம் உண்டு. அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழகத்து அபினவ் பதக், சார்லி ஹூ முதலியோர் 2012இல் ஆராய்ந்து காட்டியபடி, விழிப்புப் பூட்டைப் பிடித்த செயலிகள் பல அதை விடுவிக்க மறந்துவிட்டன. காலையில் நிரப்பிய பேட்டரி யாருக்கும் பயன்படாமல் மாலைக்குள் காலியாகிற்று. ஒலிக்குச் செலவு அதிகம் என்பது அவர்கள் வாதம் அன்று. செயலி எழுதுபவரை நம்ப முடியாது என்பதே வாதம். இங்கே கேள்வி பௌதிகத்தை விட்டு நம்பிக்கையின் துறைக்குள் புகுந்துவிடுகிறது.

அனுமதி என்னும் விடை

தொழில்நுட்பம் அறிந்தவர்கள் இன்று பெரும்பாலும் சொல்வது இந்த இரண்டாவது விடையையே: ஒலி நிற்பதற்குக் காரணம், திரை அணைந்தபின்னும் ஒலிக்க அந்தச் செயலி உரிய முறையில் அனுமதி கேட்கவில்லை என்பது.

இவ்விஷயத்தில் ஆப்பிளும் கூகிளும் எதிரெதிர்த் திசைகளிலிருந்து புறப்பட்டு ஏறக்குறைய ஒரே இடத்தில் வந்து சேர்ந்திருக்கின்றன. 2008இல் வெளியாருடைய செயலிகளுக்குக் கடை திறந்த ஆப்பிள், பின்னணியில் பாடும் உரிமையைத் தன் சொந்தப் பாட்டுச் செயலிக்கு மட்டும் வைத்துக்கொண்டது. 2010 ஜூனில் ஐஓஎஸ் 4 வந்தபோதுதான் பிறருக்கு அனுமதிக்கப்பட்ட ஏழு பின்னணிச் சேவைகளில் ஒன்றாக ஒலியும் இடம்பெற்றது. அது முதல் விதி இது: செயலி தான் எவ்வகை ஒலியை எழுப்புகிறது என்று ஒரு வகைப்பெயரால் அறிவிக்க வேண்டும், பின்னணியில் ஒலிப்பேன் என்றும் தனியே பதிவு செய்ய வேண்டும். எழுதியவர் ஒன்றுமே அறிவிக்காமல் விட்டால் தானாகப் பொருந்தும் வகையோ, திரை பூட்டப்பட்டதும் ஒலியை அடக்கிவிடும் வகை. மௌனம் சாதித்தால் மறுப்பு என்று பொருள் கொள்ளும் சட்டம் இது. விளையாட்டுச் செயலியின் ஓசை பையிலிருந்து கூவக்கூடாது என்ற நல்லெண்ணத்தில் பிறந்ததாயினும், பிரசங்கத்தையோ பாடத்தையோ ஒலிபரப்பும் சிறு செயலி ஒன்றை அவசரத்தில் எழுதியவர் இந்த ஒரு வரியைத் தவறவிட்டால் அதன் பலனை அனுபவிப்பவர் கேட்பவரே.

ஆண்ட்ராய்டு தாராளமாகத் தொடங்கியது. செயலியின் முகப்பு மறைந்த பிறகும் வேலை செய்யும் ‘சர்வீஸ்’ என்ற உறுப்பு முதலிலிருந்தே அதில் உண்டு. ‘நான் முக்கியமானவன், என்னைக் கொல்லாதே’ என்று ஒரு சர்வீஸ் தானே அறிவித்துக்கொள்ளவும் இடம் இருந்தது. எல்லாருமே தம்மை முக்கியமானவர் என்று அறிவித்துக்கொண்டால் என்ன ஆகுமோ அது ஆயிற்று. ஆகவே 2009இல் வந்த ஆண்ட்ராய்டு 2.0, அவ்விதம் அறிவிக்கும் செயலி திரையின் மேற்பட்டையில் எல்லாரும் காணும்படி ஓர் அறிவிப்பை நிறுத்தியாக வேண்டும் என்று விதித்தது. பாட்டு ஓடும்போது பூட்டிய திரைமேல் தோன்றும் அந்தச் சிறு பட்டையின் பிறப்புக் கதையில் இது முக்கியமான அத்தியாயம். அழகுக்கு வைத்ததாகத் தோன்றும் அது உண்மையில் பொறுப்பேற்றுச் சாட்சி சொல்லும் முத்திரை. அதன்பின் கட்டுகள் படிப்படியாக இறுகின. 2015இல் ஆண்ட்ராய்டு 6, அசையாமல் கிடக்கும் போனை ஆழ்துயிலில் ஆழ்த்தும் ‘டோஸ்’ முறையைக் கொண்டுவந்தது. 2016இல் அதன் இலகுவான வடிவம் பையில் அசையும் போனுக்கும் நீட்டப்பட்டது. 2017இல் பின்னணி சர்வீஸ்களுக்கு நேரக்கட்டுப்பாடு வந்தது. 2021இல், அவ்விதம் தன்னை முக்கியமானதென்று அறிவித்துக்கொள்ளும் சர்வீஸை, அதாவது முன்னணிச் சேவையை, பின்னணியிலிருந்தபடியே தொடங்குவது பெரும்பாலும் தடுக்கப்பட்டது. 2023இல் ஆண்ட்ராய்டு 14, ஒவ்வொரு முன்னணிச் சேவையும் தன் இனம் இன்னதென்று அறிவித்தாக வேண்டும் என்றது. நேற்றுவரை ஒழுங்காகப் பாடிய செயலி இன்று ஓர் அப்டேட்டுக்குப் பின் வாயடைப்பதன் மர்மம் பெரும்பாலும் இந்த வரிசைக்குள் எங்கோ இருக்கிறது.

உலாவி வழியாகக் கேட்பவரின் நிலையும் இதற்கு உறவுடையதே. தன் பக்கம் கண்ணுக்குத் தெரிகிறதா, மறைந்திருக்கிறதா என்று இணையப்பக்கம் அறிந்துகொள்ளும் வழிமுறையை, இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு 2013இல் தரமாக்கியது. யாரும் பார்க்காத பக்கம் வீணாக உழைக்க வேண்டாம் என்பது அதன் கருத்து. படம் மறைந்தால் பேச்சையும் நிறுத்திவிடுவதற்கு அதுவே கருவியாகவும் ஆயிற்று.

அனுமதி வாதம் எவ்வாறு என்ற கேள்விக்குச் செம்மையான விடை தருகிறது. ஏன் என்பதற்குத் தருவதில்லை. விதியைச் செய்தவன் இருக்க, விதியை மீறியவன்மேல் பழியைப் போடும் சுபாவம் அதற்கு உண்டு. எல்லா அனுமதியையும் முறைப்படி பெறக்கூடிய வல்லமையுள்ள, உலகிலேயே பெரிய ஒளிபரப்புச் செயலி திரை அணைந்ததும் நின்றுவிடும்போது, அதை எழுதியவர்களுக்கு விதி தெரியாது என்று யாரும் சொல்லத் துணியமாட்டார்கள்.

வியாபாரம் என்னும் விடை

யூடியூப் செயலியில் திரையை அணைத்துக் கேட்கும் வசதி, 2014 நவம்பரில் சோதனையாகத் தொடங்கிய கட்டணச் சந்தாவின் ஒரு பகுதியாக வந்து, 2015இல் யூடியூப் ரெட் என்றும், 2018இல் பிரீமியம் என்றும் பெயர் மாறி, 2019 மார்ச்சில் மாதம் 129 ரூபாய்க்கு இந்தியாவிலும் விற்பனைக்கு வந்தது. அதே போன், அதே பேட்டரி, அதே செயலி. சந்தா செலுத்திய கணத்தில் ஒலி திரையைத் தாண்டித் தொடர்கிறது. சிக்கன வாதத்துக்கும் அனுமதி வாதத்துக்கும் இதைவிடத் தெளிவான கண்டனம் வேண்டியதில்லை.

இதன் தர்க்கம் எளிது. பட விளம்பரம் கண்ணுக்கு விற்கப்படுகிறது. கண் இல்லாத இடத்தில் அதற்கு விலை இல்லை. 2019 பிப்ரவரியில் இந்தியாவுக்கு வந்த ஸ்பாட்டிஃபை, இலவசமாகக் கேட்பவருக்கும் திரை அணைந்த பின் தொடர்ந்து பாடுவது ஏன் என்பதும் இதனால் விளங்கும்: அதன் விளம்பரம் காதுக்கு விற்கப்படுகிறது.

ஆனால் வியாபார வாதத்தை முதற்காரணமாக்குவதற்குச் சரித்திரம் இடம் கொடுக்கவில்லை. முகப்பை விட்டு வெளியே வந்தால் யூடியூப் நின்றுவிடுவது சந்தாத் திட்டத்துக்கு முன்பே இருந்த வழக்கம். விற்பதற்காக இயலாமை உண்டாக்கப்பட்டது என்பதைவிட, ஏற்கெனவே இருந்த இயலாமைக்கு ஒரு நாள் விலை கண்டுபிடிக்கப்பட்டது என்று சொல்வதே பொருத்தம் எனத் தோன்றுகிறது. இந்த வித்தியாசம் சில்லறையானது அன்று. இயலாமைக்கு விலை கிடைத்த பிறகு அதைக் களைவதற்கு யாருக்கும் அவசரம் இருக்காது.

விற்பனையே இல்லாத இடத்திலும் இதே நடத்தை காணப்படுவது இவ்வாதத்தின் மற்றொரு குறை. வாட்ஸ்அப்பில் குரல் செய்தி 2013இல் வந்தது. அதைக் கேட்டுக்கொண்டே உரையாடலை விட்டு வேறிடம் சென்றாலும் ஒலி தொடரும் வசதி 2022 மார்ச்சில்தான் வந்தது. இடைப்பட்ட ஒன்பது ஆண்டுகளில் அதற்கு யாரும் கட்டணம் கேட்கவில்லை. பேட்டரிக் காரணம் சொல்வதற்கும் ஆதாரம் இல்லை. செய்தி கேட்பவர் கேட்கும்போது வேறொன்றையும் செய்துகொண்டிருப்பார் என்ற எண்ணம் வடிவமைப்பில் முந்தி நிற்கவில்லை என்று அனுமானிப்பதே நியாயம்.

போன் கம்பெனிகளின் தலையீடு

அனுமதி முறைப்படி பெற்ற, கட்டணமும் கேட்காத செயலி, திரை அணைந்து பத்திருபது நிமிஷம் கழித்துத் திடீரென்று நின்றுபோனால், குற்றவாளியை வேறிடத்தில் தேடவேண்டும். ஆண்ட்ராய்டை வாங்கித் தம் பெயரில் போன் விற்கும் கம்பெனிகள் பல, கூகிளின் விதிகளுக்கு மேல் தம் சொந்தச் சிக்கன ஏற்பாடுகளை ஏற்றியிருக்கின்றன. ‘பேட்டரி நாலு நாள் நிற்கும்’ என்பது கடையில் விற்கும் வாசகம். ‘பின்னணிச் செயலிகள் ஒழுங்காக நடக்கும்’ என்று எவரும் பெட்டிமேல் அச்சடிப்பதில்லை. விளைவு ஊகிக்கக்கூடியதே. ஆண்ட்ராய்டு 8, 9 பதிப்புகள் உள்ள சில நோக்கியா போன்களில், திரை அணைந்து 20 நிமிஷத்தில் பின்னணி வேலைகள் கொல்லப்பட்டு வந்தன; தூக்கத்தை அளக்கும் செயலி எழுதிய செக் நாட்டுக் குழு ஒன்று, தம் செயலி இரவில் செத்துப்போவதைக் கண்டு சலித்து, எந்தக் கம்பெனி எப்படிக் கொல்லுகிறது, எந்த செட்டிங்ஸை மாற்றினால் தப்பலாம் என்று ‘டோன்ட் கில் மை ஆப்’ என்ற பெயரில் பட்டியலே வெளியிட்டது. ஷாவ்மி, ஹுவாவே, ஒன்பிளஸ், சாம்சங் முதலிய பெயர்கள் அதில் உண்டு. இந்தியச் சந்தையில், குறிப்பாக விலை குறைந்த போன்களில், இப்பெயர்களுள் சிலவற்றுக்கு உள்ள செல்வாக்கை எண்ணினால், நம் மக்கள் படும் தொல்லையில் இதன் பங்கு கணிசமாக இருக்கலாம்; எவ்வளவு என்று அளந்து சொல்வது எளிதன்று.

நின்ற நேரத்தைக் கொண்டு காரணத்தைப் பிரிக்கும் முறை ஒன்றை இங்கே குறிப்பிடலாம். திரை அணைந்த கணத்திலேயே ஒலி நிற்குமாயின் காரணம் பெரும்பாலும் செயலிக்குள், அதாவது அனுமதியிலோ வியாபாரத்திலோ உள்ளது. சில நிமிஷங்கள் ஓடிப் பிறகு நிற்குமாயின் கம்பெனியின் சிக்கன ஏற்பாட்டையோ ரேஞ்சையோ சந்தேகிக்கவேண்டும். போனில் இறக்கிவைத்த பாட்டும் அவ்வாறே நிற்குமாயின் ரேஞ்சை விடுவித்துவிடலாம். இது வைத்தியரின் நாடிபோல உத்தேசமானதேயன்றி நிரூபணம் ஆகாது.

மலையும் ரேஞ்சும்

இணையத்தின் வழியாக ஒழுகிவரும் ஒலி, வந்து சேர்ந்த துளிகளின் சேமிப்பைக் கொண்டே வாழ்கிறது. மலைச்சரிவும் பள்ளத்தாக்கும் மாறி மாறி வரும் பீருமேட்டு நிலத்தில் கோபுரத்தின் அலை ஒரு வளைவுக்கு இப்பால் இருந்து அப்பால் இல்லாமல் போவது சாதாரணம். அலை மெலியும்போது போனின் வானலைப்பகுதி உரக்கப் பேச முயன்று அதிகச் சக்தியையும் விழுங்குகிறது. திரை எரியும்போது, சேமிப்புத் தீர்ந்து வட்டம் சுழல்வதைக் கண்ணால் காண்கிறோம். திரை அணைந்திருக்கையில் அதே தடங்கல் ‘திரை அணைந்ததால் நின்றது’ என்று தோன்றிவிடுகிறது. மலைநாட்டில் கேட்கப்படும் புகார்களில் ஒரு பகுதிக்கு இதுவே காரணமாகலாம். ஆனால் கணத்தில் நிற்கும் ஒலிக்கு இது விடை ஆகாது.

2020 ஜூன் 1 முதல் கேரளத்தில் கைட் விக்டர்ஸ் கல்வித் தொலைக்காட்சி வழியாக வீட்டிலிருந்தே வகுப்புகள் தொடங்கியபோது, தமிழ்வழி மாணவருக்கான பாடங்கள் யூடியூப் வழியாகவும் வந்தன. கணக்குப் பாடத்துக்குத் திரை வேண்டும் என்பதில் ஐயமில்லை. செய்யுளையோ கதையையோ திரும்பக் கேட்பதற்குக் காது போதும். வீட்டுக்கு ஒரு போன், குறைந்த ரேஞ்ச், அளவிட்ட டேட்டா என்ற நிலையில், காது மட்டும் போதும் என்ற இடத்திலும் படத்தையும் சேர்த்து இறக்கி, திரையையும் எரியவிட நேர்ந்ததை, மேற்சொன்ன காரணங்கள் யாவும் ஒரே வீட்டில் கூடிய சந்தர்ப்பமாகக் கொள்ளலாம்.

இதற்கு மாற்றாக எடுத்துக் காட்டப்படுவது போனுக்குள்ளேயே அமைந்த எஃப்எம் வானொலி. தேவிகுளம் நிலையத்தின் 101.4, கொடைக்கானலின் 100.5 போன்ற ஒலிபரப்புகள் எட்டும் இடத்தில் அது ரேஞ்சையோ டேட்டாவையோ கேட்பதில்லை. திரை அணைந்தாலும் பாடும். ஆனால் ஹெட்செட் வயரையே அது ஆன்டெனாவாகக் கொள்வதால், வயர்த் துளையே இல்லாத போன்கள் பெருகியதும் அதன் காலடி நழுவிற்று. எஃப்எம் வசதியுள்ள போன்களில் அதை முடக்காதிருக்கும்படி மத்திய மின்னணுவியல் அமைச்சகம் 2023 ஏப்ரலில் தயாரிப்பாளர்களுக்கு ஆலோசனைக் குறிப்பு அனுப்பியது.

எரியும் திரையும் எதிரிலிருக்கும் ஆளும்

இவ்விடைகள் யாவற்றுக்கும் அடியில் ஒரு பொதுவான அனுமானம் கிடப்பதாக எனக்குத் தோன்றுகிறது. திரை எரிந்தால் ஆள் இருக்கிறான். அணைந்தால் ஆள் போய்விட்டான் என்பது அது. விழிப்புப் பூட்டு, ஆப்பிளின் மௌனவிதி, பக்கம் மறைந்ததை அறியும் தரம், கண்ணுக்கு விற்கும் விளம்பரம், கம்பெனிகளின் இருபது நிமிஷக் கெடு ஆகிய ஐந்தும் ஆள் இருப்பதை வெளிச்சத்தால் அளக்கின்றன. வெளிச்சம் போனபின்னும் ஆள் இருந்தால், அதை யாராவது தனியே விண்ணப்பித்து நிரூபிக்க வேண்டியிருக்கிறது: செயலி எழுதியவர் ஒரு வரியால், சந்தாதாரர் பணத்தால், மற்றவர் செட்டிங்ஸைத் தோண்டி.

இந்த அனுமானம் தவிர்க்க முடியாத ஒன்று அன்று என்பதற்கு அதே யந்திரத்துக்குள்ளேயே அத்தாட்சி உண்டு. பார்வையற்றோருக்காக 2009இல் ஐபோனில் வந்த வாய்ஸ்ஓவர் வசதியில் திரைச்சீலை என்றொரு ஏற்பாடு உண்டு. அதை இழுத்துவிட்டால் திரை முற்றிலும் இருண்டுபோகும். போனோ முழு விழிப்போடு விரலின் ஆணையைக் கேட்டுப் பேசிக்கொண்டிருக்கும். திரையின் வெளிச்சமும் ஆளின் இருப்பும் இருவேறு விஷயங்கள் என்று வடிவமைப்பாளர்கள் அறிந்தே இருந்தார்கள். பார்வையற்றவர் விஷயத்தில் அறிந்ததை, கண் வேறு வேலையில் இருப்பவர் விஷயத்தில் பொருத்திப் பார்க்கவில்லை.

இதற்கும் ஓர் ஆட்சேபம் உண்டு. அது அலட்சியம் செய்யத்தக்கது அன்று. வெளிச்சத்தை அளவாகக் கொள்ளாவிட்டால் வேறு எதைக் கொள்வது? திரை அணைந்த பின் ஒலிக்கும் உரிமை எல்லாருக்கும் உண்டு என்று விட்டால், ஒலி எழுப்பாமலே ஒலி எழுப்புவதாகச் சொல்லி விழித்திருக்கும் செயலிகள் தோன்றும். இது கற்பனை அன்று. பின்னணியில் உயிரோடு இருப்பதற்காக நிசப்தத்தையே ‘இசைத்துக்கொண்டிருந்த’ செயலிகள் உண்டு. ஆளின் இருப்பை அளக்க இதைவிடச் சிறந்த கோலை, சக்தியும் செலவழிக்காமல், அந்தரங்கத்திலும் தலையிடாமல் யாரும் இன்னும் காட்டவில்லை.

தீராமல் நிற்பவை

பேட்டரி வாதம் இன்று தனித்து நிற்க வலுவற்றது என்று ஓரளவு துணிந்து சொல்லலாம். அனுமதி வாதம் நடைமுறைக்கு நம்பகமானது. ஆனால் அது விதியின் விளக்கமேயன்றி விதிக்குக் காரணம் அன்று. வியாபார வாதம் ஒரு பெரிய செயலியைப் பொறுத்தவரை ஏறக்குறைய மறுக்க முடியாதது. மற்றவற்றுக்கு அதைப் பொதுமைப்படுத்துவது நியாயம் ஆகாது.

நிச்சயமாகச் சொல்ல முடியாதவற்றில் முதலாவது, கம்பெனிகளின் சொந்த ஏற்பாடுகள் பற்றியது. 2018 முதல் ஆண்ட்ராய்டு, ஒவ்வொரு செயலியையும் அது உபயோகிக்கப்படும் அளவைக்கொண்டு தரம் பிரித்து, குறைந்த தரத்தவற்றின் கையைக் கட்டிவருகிறது. கூகிள் வெளியிட்ட விதிப்படி, முன்னணிச் சேவை நடத்துவதும் உபயோகமாகவே கணக்கிடப்படும். ஆகவே கேட்பவரின் பங்கு அங்கே விட்டுப்போகவில்லை. கம்பெனிகள் அதன்மேல் ஏற்றிய கணக்குகளோ அவ்வளவு பகிரங்கமானவை அல்ல. நாள் முழுவதும் காதால் கேட்கப்பட்டு, விரலால் தொடப்படாத செயலியை அவை எந்த இனத்தில் சேர்க்கின்றன என்பது வெளியிலிருந்து ஊகிக்கப்படுவதாகவே இருக்கிறது. இரண்டாவது, விலை பற்றியது. படத்தோடு கூடிய ஒலியைப் படம் நீக்கிக் கேட்பது தனிச் சரக்கா, அல்லது அதே சரக்கை வேறு விதமாக நுகர்வதா என்பதில், பாட்டுரிமை உடையவருக்கும் ஒளிபரப்புவோருக்கும் கேட்பவருக்கும் ஒத்த அபிப்பிராயம் உண்டாவதற்கு நெடுங்காலம் செல்லலாம். கேட்பவரின் கருத்தை யாரும் இன்னும் முறைப்படி கேட்டதாகவும் தெரியவில்லை. மூன்றாவது, ஆண்ட்ராய்டு 14 முதல் ஒலிபரப்பு என்பது முன்னணிச் சேவைகளுள் கட்டாயமாகப் பெயர் சொல்லி அறிவித்தாக வேண்டிய ஓர் இனமாகிவிட்டது. அவ்வினத்தில் முறையாகப் பதிவுபெற்ற செயலியைக் கொல்லும் போன், கூகிளின் பொருத்தப் பரிசோதனையில் தோற்க வேண்டும் என்ற கோரிக்கை செயலி எழுதுவோரிடையே உண்டு. அக்கோரிக்கை நிறைவேறினால் வண்டிப்பெரியாரில் விற்கும் எட்டாயிரம் ரூபாய்ப் போனுக்கும் அது பொருந்தும். சந்தாவுக்குள் அடைபட்ட ஒலிக்கு மட்டும் பொருந்தாது.